ஸ்கைரிமில் கிராஃப்டிங் ஸ்கில் ஏற்றுவது எப்படி? சேலத்து நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் சனிக்கிழமை சாயங்காலம் கூடும் எங்கள் கேம் குழுவில், புதிதாக ஸ்கைரிம் என்ற கம்ப்யூட்டர் கேம் தொடங்கும் எல்லோரும் இரண்டாவது வாரத்திலேயே கிராஃப்டிங் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கேம் வந்தது 2011 நவம்பர் 11. ஸ்பெஷல் எடிஷன் 2016 அக்டோபரில் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் கேள்விகள் மாறவில்லை; இணையத்தில் கிடைக்கும் பதில்களில் பாதி, பழைய பேட்ச் (கேமைத் திருத்தும் அப்டேட்) காலத்துப் பதில்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். மோட் (ரசிகர்கள் செய்யும் மாற்றம்) எதுவும் போடாத கேமை வைத்துத்தான் சொல்கிறேன்.

கிராஃப்டிங் என்றால் எந்தெந்த ஸ்கில், அண்ணா?

மொத்தம் 18 ஸ்கில்லில் (திறன்; ஒவ்வொன்றும் 100 வரை ஏறும்) மூன்று. ஆயுதம், கவசம், நகை செய்வது ஸ்மிதிங். மருந்தும் விஷமும் காய்ச்சுவது ஆல்கெமி. பொருளுக்கு மந்திர சக்தி ஏற்றுவது என்சாண்டிங். சமையல், விறகு வெட்டுவது, தாதுவை உருக்குவது, தோலைப் பதப்படுத்துவது இதற்கெல்லாம் எக்ஸ்பி (ஸ்கில்லை ஏற்றும் அனுபவப் புள்ளி) கிடையாது.

மூன்றில் எதை முதலில் பிடிப்பது?

ஆல்கெமியில் தொடங்குங்கள். காரணம் காசு. செடி, காளான், பட்டாம்பூச்சி எல்லாம் வழியோரம் இலவசம். காய்ச்சிய மருந்தை விற்றால் வரும் பணத்தில் இரும்பு இங்காட் (உருக்கிய கட்டி), லெதர், சோல் ஜெம் (என்சாண்டிங்குக்கு வேண்டிய, ஆன்மா அடைத்த கல்) வாங்கலாம். ஸ்மிதிங்கிலோ என்சாண்டிங்கிலோ முதலில் இறங்கினால் கையிருப்பு கரைந்து பாதியில் நின்றுவிடுவோம்.

ஆனால் ஒன்றை 100 வரை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும் என்று நினைக்காதீர்கள். மூன்றும் ஒன்றையொன்று தூக்கிவிடும்படிதான் கேமை அமைத்திருக்கிறார்கள். ஸ்நோபெரியும் புளூ பட்டர்ஃபிளை விங்கும் சேர்த்தால் ஃபோர்ட்டிஃபை என்சாண்டிங் மருந்து (ஃபோர்ட்டிஃபை என்றால் அந்த ஸ்கில்லின் வலுவைக் கூட்டுவது). அதைக் குடித்துவிட்டு ஒரு மோதிரத்தில் ஃபோர்ட்டிஃபை ஆல்கெமி ஏற்றினால் மோதிரம் வலுவாக வரும். அந்த மோதிரத்தைப் போட்டுக்கொண்டு காய்ச்சும் மருந்து இன்னும் விலை போகும். விலை கூடினால் எக்ஸ்பி கூடும். பிளிஸ்டர்வொர்ட்டும் குளோயிங் மஷ்ரூமும் சேர்த்தால் ஃபோர்ட்டிஃபை ஸ்மிதிங். இந்தச் சுற்று ஸ்கில் 30, 40 இருக்கும்போதே நன்றாக வேலை செய்யும். ஃபோர்ட்டிஃபை ஆல்கெமியை தலை, கை, மோதிரம், கழுத்து என நான்கு இடத்தில் ஏற்றலாம். ஃபோர்ட்டிஃபை ஸ்மிதிங்குக்குத் தலைக்குப் பதில் மார்புக் கவசம். விரைவாக ஏற வேண்டும் என்றால் இந்த எட்டுப் பொருளையும் கிடைக்கக் கிடைக்கச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

இரும்பு டாகரை (குத்துவாள்) நூற்றுக்கணக்கில் அடித்தால் ஸ்மிதிங் 100 வந்துவிடுமாமே?

ஒரு காலத்தில் வந்தது. ஒரு இரும்பு இங்காட், ஒரு லெதர் ஸ்ட்ரிப், ஒரு டாகர். எதைச் செய்தாலும் கிட்டத்தட்ட ஒரே எக்ஸ்பி என்பதால் எது மலிவோ அதையே எல்லோரும் அடித்தார்கள். 2012-இல் வந்த 1.5 பேட்ச் அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. இப்போது செய்யும் பொருளின் விலை எவ்வளவு அதிகமோ, எக்ஸ்பியும் அவ்வளவு அதிகம். நேர்விகிதத்தில் ஏறாது, விலை இரண்டு மடங்கானால் எக்ஸ்பி இரண்டு மடங்கைவிட நன்றாகவே குறைவாக இருக்கும். ஆனாலும் 10 தங்கம் பெறும் இரும்பு டாகருக்கும், 75 பெறும் தங்க மோதிரத்துக்கும், 270 பெறும் டுவார்வன் வில்லுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். டாகர் அடித்துக்கொண்டிருப்பது நேரத்துக்கும் நஷ்டம், இரும்புக்கும் நஷ்டம்.

ஆரம்பத்தில் 15-இலிருந்து 20, 22 வரை டாகர் பரவாயில்லை. கையில் தோல் நிறைய இருந்தால் லெதர் கவசங்கள் இன்னும் நல்லது. ஒரு லெதரிலிருந்து நான்கு ஸ்ட்ரிப் வரும். கரடித் தோல் ஒன்றுக்குப் பல லெதர் வரும், ஓநாய்த் தோலுக்கு ஒன்றே ஒன்று. ஆகவே வழியில் கரடி விழுந்தால் தோலை விட்டுவிட்டு வராதீர்கள்.

இரும்பைத் தங்கமாக்கும் மந்திரம் உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. டிரான்ஸ்மியூட் என்ற ஆல்டரேஷன் மந்திரம். வைட்ரன் நகரத்துக்கு வடக்கே ஹால்டட் ஸ்ட்ரீம் கேம்ப் என்றொரு கொள்ளையர் கூடாரம். அதன் சுரங்கத்துக்குள்ளே மந்திரப் புத்தகம் கிடக்கும். அந்தச் சுரங்கத்திலேயே இரும்புத் தாதுவும் இருக்கிறது, பிக்ஆக்ஸோடு போங்கள். ஒருமுறை போட்டால் ஓர் இரும்புத் தாது வெள்ளித் தாதுவாகும். மறுபடி போட்டால் வெள்ளி தங்கமாகும். இங்காட்டை மாற்றாது, தாதுவைத்தான் மாற்றும். எனவே உருக்குவதற்கு முன்னால் போடவேண்டும். இதைப் பலர் மறந்து, எல்லா இரும்பையும் உருக்கிவிட்டு வந்து நிற்கிறார்கள்.

நகை செய்ய எந்தப் பெர்க்கும் (லெவல் ஏறும்போது ஒரு புள்ளி கொடுத்து எடுக்கும் சிறப்புத் தகுதி) தேவையில்லை என்பதுதான் இதில் பெரிய லாபம். ஸ்மிதிங் 15 இருக்கும்போதே தங்க மோதிரம் செய்யலாம். கல் கையில் இருந்தால் இன்னும் நல்லது: ஒரு தங்க இங்காட்டும் ஒரு வைரமும் சேர்ந்த மோதிரத்தின் விலை 900. அதனால் தொடக்கத்தில் கிடைக்கும் ரூபி, சஃபையர், வைரம் எதையும் கடையில் தள்ளாதீர்கள், ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். மந்திரம் போடப்போட ஆல்டரேஷன் ஸ்கில்லும் கூடவே ஏறும். மேஜிக்கா (மந்திரம் போடும் சக்தி) தீர்ந்தால் காத்திருக்கும் மெனுவில் ஒரு மணி நேரம் போக்கிவிட்டுத் தொடருங்கள்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். வெள்ளியை உருக்கினால் சேதாரம் போகும். கேமிலும் அப்படிக் கழிப்பார்களா?

நல்ல கேள்வி, பட்டறைக்காரர் தவிர வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. இங்காட்டிலிருந்து நகை செய்யும்போது கேமில் சேதாரம் கிடையாது, கூலியும் கிடையாது. ஆனால் தாதுவை உருக்கும்போது கழிவு உண்டு. இரும்புக்கு ஒரு தாது, ஒரு இங்காட். வெள்ளி, தங்கம், கொரண்டம், ஒரிகால்கம், மூன்ஸ்டோன், மலகைட், எபனி இவற்றுக்கு இரண்டு தாது போட்டால்தான் ஒரு இங்காட். அதாவது டிரான்ஸ்மியூட் வழியில் ஒரு தங்க இங்காட் வேண்டுமென்றால் இரண்டு இரும்புத் தாது, நான்கு முறை மந்திரம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு தாது சேருங்கள். இன்னொன்று, உங்கள் பட்டறையில் உருக்குவதும் தொழில்தான். கேமில் உருக்குவதற்கு ஒரு புள்ளிகூடத் தரமாட்டார்கள்.

டுவார்வன் வில் 270 பெறும் என்றீர்களே, அதை வைத்து ஸ்மிதிங் ஏற்றுவதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஸ்மிதிங் 30 வந்ததும் டுவார்வன் ஸ்மிதிங் பெர்க் எடுக்கலாம். அதற்கு முன்னால் ஸ்டீல் ஸ்மிதிங் பெர்க் எடுத்திருக்க வேண்டும். அங்கிருந்து 100 வரை போவதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நேரான வழி இல்லை.

ஒரு டுவார்வன் வில்லுக்கு இரண்டு டுவார்வன் இங்காட், ஒரு இரும்பு இங்காட். லெதர் ஸ்ட்ரிப் தேவையில்லை. வில்லைச் செய்த பிறகு கிரைண்ட்ஸ்டோனில் இன்னொரு டுவார்வன் இங்காட் போட்டு மெருகேற்றினால் அதற்குத் தனி எக்ஸ்பி. வில்லின் விற்பனை விலையும் ஏறும்.

இங்காட் எங்கே கிடைக்கும்? டுவெமர் (டுவார்வன் என்பதும் இவர்களைத்தான்) இடிபாடுகளில் கிடக்கும் உடைந்த உலோகத்தில். எதைத் தூக்குவது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. பென்ட் டுவெமர் ஸ்கிராப் மெட்டலும் ஸ்மால் டுவெமர் பிளேட்டும் எடை 2, உருக்கினால் 3 இங்காட். சாலிட் டுவெமர் மெட்டல் எடை 25, வருவதோ 5 இங்காட். பார்வைக்குப் பெரிதாக இருக்கிறதே என்று சாலிட் மெட்டலை நான்கு தூக்கினால் 100 எடை போய்விடும், கிடைப்பது 20 இங்காட். அதே 100 எடைக்கு பென்ட் ஸ்கிராப் 50 தூக்கினால் 150 இங்காட். தொடக்கத்தில் நம்மால் தூக்க முடிந்த மொத்த எடையே 300தான். எனவே சிறியதை முதலில் எடுங்கள், இடம் மிஞ்சினால் பெரியதை எடுங்கள். கூடவரும் துணையாளிடம் சாலிட் மெட்டலை ஏற்றிவிடலாம். கியர், காக், லீவர், கைரோ, கிண்ணம், தட்டு இவை பளபளப்பாக இருக்கும், ஆனால் உருகாது. விற்க மட்டும்தான் ஆகும்.

இடம் என்று கேட்டால் மார்கார்த் நகரத்தைச் சொல்வேன். அரண்மனைக்குள்ளேயே, அண்டர்ஸ்டோன் கீப் வழியாக, ந்சுவாண்ட்-ஸெல் என்ற பெரிய இடிபாடு இருக்கிறது. ஊருக்குள்ளேயே உருக்கும் உலையும் உண்டு, ஃபோர்ஜும் உண்டு. எடுத்துக்கொண்டு வெளியே வந்து, உருக்கி, அடித்து, கிரைண்ட்ஸ்டோனில் தீட்டி, அங்கேயே விற்றுவிடலாம். தூக்கிக்கொண்டு நாடு முழுக்க நடக்கவேண்டாம்.

அப்புறம் ஒன்று. இடிபாட்டுக்குள் ஸ்பைடர், ஸ்பியர் என்ற இயந்திரங்களும் ஃபால்மர் என்ற குகைவாசிகளும் நம்மை விடாது. சண்டை போட்டுத்தான் உலோகம் எடுக்கவேண்டும். அது தொல்லை இல்லை, தேவையான விஷயம். ஏன் என்று கீழே லெவல் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

ஸ்டீல் இங்காட்டுக்கு இரும்போடு கொரண்டம் கேட்கிறதே, அது சரியா? எங்கள் வீட்டில் இரும்பாலை ஆட்கள், சிரிக்கிறார்கள்.

நிஜத்தில் எஃகு என்பது இரும்பும் கரியும். நம் சேலத்து ஆலையின் எவர்சில்வரில் குரோமியம் சேரும். கொரண்டம் என்பது அலுமினிய ஆக்சைடு, வைரத்துக்கு அடுத்தபடி கடினமான கனிமங்களில் ஒன்று, சாணை பிடிக்கத்தான் உதவும். கஞ்சமலை இரும்புக்கல்லைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இது உறுத்துவது நியாயம். கேமில் ஒரு இரும்பு இங்காட்டும் ஒரு கொரண்டம் இங்காட்டும் சேர்ந்தால் ஒரு ஸ்டீல் என்று வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஸ்கில் ஏற்றுவதற்கு ஸ்டீல் பெரிதாக உதவாது. கொரண்டத்தைத் தேடி நேரம் போக்கவேண்டாம்.

ஆல்கெமியில் என்ன காய்ச்சினால் சீக்கிரம் ஏறும்?

இங்கேயும் அதே சட்டம்: மருந்தின் விலைதான் எக்ஸ்பி. ஒரு மருந்தில் எத்தனை விளைவுகள் சேர்கிறதோ அத்தனை விலை. இரண்டு பொருளில் பொதுவாக இருக்கும் விளைவுதான் மருந்தில் வரும் என்பது அடிப்படை. ஆகவே மூன்று பொருளை, ஒன்றோடொன்று பல விளைவுகளைப் பகிர்ந்துகொள்ளும்படி தேர்ந்தெடுக்கவேண்டும்.

தொடக்கத்துக்கு புளூ மவுண்டன் ஃபிளவரும் புளூ பட்டர்ஃபிளை விங்கும். வைட்ரனைச் சுற்றிய புல்வெளியில் நடந்தாலே இரண்டும் கிடைக்கும். இரண்டு விளைவு வரும், விலையும் மோசமில்லை.

அடுத்தது ஜயன்ட்ஸ் டோ, அதாவது ராட்சதனின் கால்விரல். அதோடு கோதுமை சேர்த்தால் ஃபோர்ட்டிஃபை ஹெல்த் வரும். இந்த விரல் அந்த விளைவை மற்றப் பொருட்களைவிடப் பல மடங்கு விலையேற்றும். மூன்றாவதாக க்ரீப் கிளஸ்டர் போட்டால் எடை தூக்கும் சக்தியும் சேரும். ஒரே மருந்தில் ஸ்கில் துள்ளுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் கேரக்டர் லெவல் 5, 6 இருக்கும்போது ராட்சதனிடம் போய் மோதாதீர்கள். ஒரே அடியில் வானத்துக்குப் போய்விடுவீர்கள். தூரத்திலிருந்து வில்லால், பாறை இடுக்கில் நின்று அடியுங்கள். மருந்துக் கடைகளிலும் விரல் சிலசமயம் வரும். கோதுமைக்கு வைட்ரன் வெளியே உள்ள பண்ணைகள் போதும்.

ஹார்த்ஃபயர் டிஎல்சி இருந்தால் (வீடு கட்டும் கூடுதல் பகுதி, ஸ்பெஷல் எடிஷனில் சேர்ந்தே வரும்) தோட்டம் போடுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். க்ரீப் கிளஸ்டர், மோரா டாபினெல்லா, ஸ்கேலி ஃபோலியோட்டா மூன்றும் நட்டால் முளைக்கும், பறித்தால் மறுபடி வளரும். மூன்றையும் சேர்த்தால் ஐந்து விளைவு உள்ள மருந்து. ராட்சதனையும் தேடவேண்டாம், கடையையும் நம்பவேண்டாம். ஏற்காட்டில் காப்பித் தோட்ட அலுவலகத்தில் இருக்கும் எங்கள் குழுத் தோழி ஒருவர், கேமில் தான் கட்டிய லேக்வியூ மேனர் வீட்டுத் தோட்டம் முழுக்க இந்த மூன்றை மட்டுமே நட்டிருக்கிறார். அவருடைய ஆல்கெமி எங்கள் எல்லோரையும்விட முன்னால் போய்விட்டது.

ஆற்றில் துள்ளும் சால்மன் மீனைப் பிடித்தால் கிடைக்கும் சால்மன் ரோவோடு நார்டிக் பார்னகிளும் பூண்டும் சேர்ப்பது இன்னும் விலையுள்ள சேர்க்கை. ஆனால் சினையைச் சேர்ப்பது பொறுமை வேலை.

பொருளில் என்ன விளைவு இருக்கிறது என்றே தெரியவில்லையே?

ஒன்றைத் தின்று பாருங்கள், முதல் விளைவு தெரியும். மீதி மூன்றும் கலந்து பார்க்கும்போது தெரியவரும். எக்ஸ்பெரிமென்ட்டர் பெர்க் எடுத்தால் தின்னும்போதே கூடுதலாகத் தெரியும், ஆனால் அதற்கு ஒரு பெர்க் செலவழிப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அந்தப் புள்ளியை ஆல்கெமிஸ்ட் பெர்க்கில் போடுங்கள். ஒவ்வொரு படிக்கும் மருந்தின் வலு 20 சதவீதம் கூடும், விலையும் எக்ஸ்பியும் அதோடு ஏறும். கிரீன் தம்ப் எடுத்தால் ஒரு செடிக்கு இரண்டு பறிக்கலாம், அது பிரயோஜனம். பியூரிட்டி பெர்க் வேண்டாம். நல்ல மருந்திலிருந்து கெட்ட விளைவை நீக்கிவிடும். விளைவு குறைந்தால் விலை குறையும்.

என்சாண்டிங்குக்கு கிராண்ட் சோல் ஜெம் வாங்கியே காசு போகிறது, அண்ணா.

ஸ்கில் ஏற்றுவதற்கு கிராண்ட் ஜெம் (மிகப் பெரியது) வேண்டவே வேண்டாம். ஒரு பொருளுக்குச் சக்தி ஏற்றினால் கிடைக்கும் எக்ஸ்பி, ஜெம்மின் அளவைப் பொறுத்தது இல்லை. பெட்டி (Petty, மிகச் சிறிய வகை) சோல் ஜெம்மில் ஏற்றினாலும் அதே எக்ஸ்பி. எனவே பயிற்சிக்கு மலிவான பெட்டி ஜெம், நீங்களே போட்டுக்கொள்ளும் கவசத்துக்கு மட்டும் கிராண்ட். வைட்ரன் அரண்மனையில் ஃபரெங்கரிடமும் விண்டர்ஹோல்ட் கல்லூரி மந்திரவாதிகளிடமும் ஜெம் கிடைக்கும்.

எதில் ஏற்றுவது? ஸ்மிதிங்குக்காக அடித்த அதே டாகரில், மோதிரத்தில், வில்லில். வெறும் மோதிரத்தை விற்பதைவிட சக்தி ஏற்றி விற்றால் பலமடங்கு வரும். ஆயுதத்தில் ஏற்றும் பேனிஷ் (வரவழைத்த உயிர்களை விரட்டும் சக்தி) கற்றிருந்தால் அதைப் போடுங்கள், சாதாரண இரும்பு டாகர்கூட நல்ல விலைக்குப் போகும்.

கொள்ளையடித்த மந்திரப் பொருட்களில் உங்களிடம் இல்லாத சக்தி இருந்தால் டிஸ்என்சாண்ட் செய்யுங்கள். பொருள் போய்விடும், சக்தி கற்றுக்கொள்ளப்படும், எக்ஸ்பியும் கணிசமாக வரும். என்சாண்டிங் 15, 20 இருக்கும்போது இதுதான் பெரிய உந்துதல். ஆயுதத்தின் சார்ஜ் தீர்ந்ததும் சோல் ஜெம்மால் நிரப்பினால் அதற்கும் எக்ஸ்பி உண்டு. அஸுராஸ் ஸ்டார் கிடைத்துவிட்டால் உடையாத ஜெம் ஒன்று எப்போதும் கையில் இருக்கும். சோல் டிராப் போட்டு மாமத்தைக் கொன்றால் கிராண்ட் ஆன்மா வரும்.

ஸ்டாண்டிங் ஸ்டோன், தூக்கம் இதெல்லாம் பயன்படுமா?

கட்டாயம். ரிவர்வுட் பக்கத்தில் வாரியர், தீஃப், மேஜ் என்று மூன்று கல் நிற்கும். ஸ்மிதிங் வாரியர் கூட்டத்தில், ஆல்கெமி தீஃப் கூட்டத்தில், என்சாண்டிங் மேஜ் கூட்டத்தில் சேர்ந்தது. எந்த வேலையோ அந்தக் கல்லைத் தொட்டுவிட்டு வந்தால் 20 சதவீதம் வேகம். மூன்றையும் கலந்து செய்கிறவர்களுக்கு லவர் ஸ்டோன் வசதி, எல்லாவற்றுக்கும் 15.

விடுதியிலோ சொந்த வீட்டிலோ தூங்கி எழுந்தால் 10 சதவீதம், எட்டு மணி நேரத்துக்கு. ஓநாய்-மனிதனாக மாறியவர்களுக்கு இந்தத் தூக்கப் பலன் கிடையாது.

டிரெய்னரிடம் காசு கொடுத்து ஏற்றலாமா?

ஒரு கேரக்டர் லெவலுக்கு ஐந்து முறை. 50-க்கு மேல் ஸ்கில் மெதுவாக நகரும்போது அந்த ஐந்தையும் வீணாக்காதீர்கள். ஸ்மிதிங்குக்கு ரிஃப்டனில் பாலிமண்ட் 75 வரை, வைட்ரனில் யோர்லண்ட் 90 வரை. ஆல்கெமிக்கு வைட்ரனில் ஆர்கேடியா 75 வரை. என்சாண்டிங்குக்கு விண்டர்ஹோல்டில் செர்ஜியஸ் 75 வரை, மார்கார்த் டிபெல்லா கோயிலில் ஹமால் 90 வரை. கடைக்காரரே டிரெய்னராக இருந்தால் நீங்கள் கட்டிய பணம் அவர் பெட்டிக்குப் போகும். உடனே உங்கள் மருந்தையோ வில்லையோ விற்று அதைத் திரும்ப வாங்கிவிடலாம்.

லீ பஜாரில் மண்டிக்கடை வைத்திருக்கிறேன். கேமில் வியாபாரியிடம் காசே இல்லை என்கிறானே, சரக்கை எங்கே தள்ளுவது?

மருந்துக் கடையில் சுமார் 500, பொதுக் கடையில் 750, கொல்லரிடம் 1000 தங்கம். 48 மணி நேரத்தில் மறுபடி நிரம்பும். ஊர் ஊராகச் சுற்றும்போது ஒவ்வொரு கடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். இன்னொரு வழி, பணமாகக் கேட்காமல் பண்டமாற்றுச் செய்வது: வில்லைக் கொடுத்து இங்காட், மருந்தைக் கொடுத்து ஜெம், மீதியை மட்டும் தங்கமாக. அடுத்த சுற்றுக்கு வேண்டிய சரக்கும் அப்போதே வந்துவிடும்.

ஒரே மூச்சில் மூன்றையும் 100 ஆக்கிவிட்டேன். இப்போது சாதாரணத் திருடன்கூட என்னைக் கொல்கிறான். ஏன்?

இந்தக் கேள்வியை நிறையப் பேர் வருத்தத்தோடு கேட்கிறார்கள். கணக்கைப் பார்த்தால் புரிந்துவிடும்.

ஒரு ஸ்கில் எந்த எண்ணுக்கு ஏறுகிறதோ, அத்தனை புள்ளி கேரக்டர் லெவலுக்குச் சேரும். 50-ஐத் தொட்டால் 50 புள்ளி, 51-ஐத் தொட்டால் 51. முதல் லெவலிலிருந்து இரண்டுக்குப் போக 100 புள்ளி, அடுத்ததற்கு 125, அதற்கடுத்ததற்கு 150 என்று 25, 25 ஆகக் கூடும். ஸ்மிதிங்கை மட்டும் 15-இலிருந்து 100 வரை ஏற்றினால் மொத்தம் 4930 புள்ளி. வேறு எதையும் தொடாமலே லெவல் 17 வந்துவிடும். மூன்றையும் அப்படியே ஏற்றினால் 14,790 புள்ளி, லெவல் 32.

எதிரிகள் உங்கள் லெவலைப் பார்த்துத்தான் வருவார்கள். லெவல் 1-இல் வெறும் பேண்டிட், 14-இல் ஹைவேமேன், 25-இல் மராடர். உங்கள் வாள்வீச்சும் கேடயமும் இன்னும் 20-இலேயே கிடக்க, எதிரில் மராடர் நின்றால் அடி வாங்கத்தான் செய்வோம். நல்ல கவசம் இதைப் பெருமளவு சமாளிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கவசத்துக்கான பெர்க்கை எடுத்து, மெருகேற்றி, சக்தி ஏற்றிப் போட்டுக்கொண்டவர்களுக்குத்தான். எண்ணை மட்டும் ஏற்றிவிட்டு, பழைய இரும்புக் கவசத்தோடு திரிந்தால் உதவாது.

அதனால்தான் நான் எப்போதும் சொல்வது: சரக்கை முடிந்தவரை நீங்களே போய் எடுங்கள். இடிபாட்டில் உலோகம் எடுக்கும்போது வாள் ஏறும், ராட்சதனிடம் விரல் எடுக்கும்போது வில் ஏறும், ஆன்மா பிடிக்கும்போது கான்ஜுரேஷன் (சோல் டிராப் மந்திரத்தின் ஸ்கில்) ஏறும். கடையில் வாங்கியே ஏற்றுவது வேகமாகத் தெரியும், ஆனால் ஒரு பக்கம் மட்டும் வளர்ந்த ஆளாகிவிடுவோம். பத்து லெவலுக்கு ஒருமுறை நிறுத்தி, சண்டை ஸ்கில்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். மிகவும் பின்தங்கியிருந்தால் பட்டறையை மூடிவிட்டு வெளியே போங்கள்.

இப்போதே மாட்டிக்கொண்டவர்களுக்கு: டிஃபிகல்ட்டியைக் கொஞ்ச நாளைக்கு ஒரு படி இறக்குங்கள், சண்டை டிரெய்னர்களிடம் ஐந்து ஐந்தாகப் பயிற்சி எடுங்கள், கவசத்தை மெருகேற்றுங்கள். முழுக் கவசம் போட்டு ஆர்மர் 567-ஐத் தொட்டால் அடியில் 80 சதவீதம் தடுக்கும். அதுதான் உச்சம், அதற்கு மேல் ஏற்றுவது வீண்.

ரெஸ்டோரேஷன் லூப் போட்டால் எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடியுமாமே?

முடியும். ஃபோர்ட்டிஃபை ரெஸ்டோரேஷன் மருந்து, போட்டிருக்கும் மந்திரப் பொருட்களின் சக்தியையும் ஏற்றிவிடும் என்பது கேமில் உள்ள ஓட்டை. அதைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தினால் எண்கள் கட்டுக்கடங்காமல் போகும், கேமே முறிந்துபோவதும் உண்டு. முதல் முறை விளையாடுகிறவர்கள் தயவுசெய்து தொடாதீர்கள். ஒரே மருந்தில் 100 ஆகிவிட்டால் மலை ஏறி ஸ்நோபெரி பறிக்க என்ன காரணம் இருக்கிறது?

ஏற்காட்டில் நெட் சரியில்லை, மழை பெய்தால் கரண்டும் போகிறது. விளையாடலாமா?

ஒருவர் விளையாடும் கேம்தான், இறக்கிவைத்த பிறகு நெட் தேவையில்லை. ஸ்டீமில் ஆஃப்லைன் மோட் போட்டுக்கொள்ளுங்கள். கரண்டுக்கு ஒரே மருந்து அடிக்கடி சேவ். கிராஃப்டிங் மெனுவுக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அத்தனையும் சேவ் ஆகாமல்தான் இருக்கும். இருபது, முப்பது பொருள் செய்ததும் மெனுவை விட்டு வெளியே வந்து எஃப் 5 தட்டிவிட்டு மறுபடி போங்கள்.

என் பையன் எட்டாவது படிக்கிறான். அவனுக்கு வாங்கிக் கொடுக்கலாமா, தம்பி?

வேண்டாங்க அக்கா. அமெரிக்கத் தரப்படுத்தலில் 17 வயதுக்கு மேல், ஐரோப்பியத் தரப்படுத்தலில் 18. தலை துண்டாகும் காட்சிகள் உண்டு. இன்னும் சில வருடம் போகட்டும்.

100 வந்தபிறகு லெஜண்டரி ஆக்கலாமா?

2013-இல் வந்த 1.9 பேட்ச் இந்த வசதியைக் கொடுத்தது. ஸ்கில் 15-க்குத் திரும்பும், அதில் போட்ட பெர்க்குகள் கைக்கு வரும், மறுபடி ஏற்றினால் கேரக்டர் லெவலும் மறுபடி ஏறும். பெர்க் நிறைய வேண்டுமென்றால் நல்ல வழி.

ஆனால் ஸ்மிதிங்கை லெஜண்டரி ஆக்குவதற்கு முன்னால் இதையெல்லாம் முடித்துவிடுங்கள்: நீங்கள் போடும் கவசம், ஆயுதம், துணையாளின் கவசம் அனைத்தையும் ஃபோர்ட்டிஃபை ஸ்மிதிங் உடையோடும் மருந்தோடும் கடைசிவரை மெருகேற்றிவிடவேண்டும். மந்திரம் ஏறிய பொருளை மெருகேற்ற ஆர்க்கேன் பிளாக்ஸ்மித் பெர்க் வேண்டும். அதுவும் 60-இல்தான் மறுபடி கிடைக்கும். என்சாண்டிங்கும் அப்படியே: எக்ஸ்ட்ரா எஃபெக்ட் பெர்க் 100-இல் வருவது, ஒரு பொருளில் இரண்டு சக்தி ஏற்றித் தருவது. அதை விட்டுக்கொடுக்கும் முன் உங்களுக்கு வேண்டிய எல்லாப் பொருளிலும் இரண்டிரண்டாக ஏற்றிவிடுங்கள். ஆல்கெமியை மட்டும் யோசிக்காமல் லெஜண்டரி ஆக்கலாம். தோட்டம் இருக்கும்வரை அது சீக்கிரமே திரும்பி ஏறிவிடும்.